பிரெட்டில் குழம்பு ஊற்றினால் அது நம்ம சாப்பாடு ஆகாதா?

கேள்வி: தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் பிரெட்டுக்குள் குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறார்களாமே, நம் சாப்பாட்டை மறந்துவிட்டார்களா?

ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை. 19 வருடம் முன்னால் கல்யாணமாகி வேலூரிலிருந்து டர்பனுக்கு வந்தபோது நானும் இதையேதான் நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன், அதுவும் மாமியார் காதுபட. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

இங்கே யாரும் சோற்றை விடவில்லை. எங்கள் வீட்டில் சோறு, பருப்பு, கீரை எல்லாம் உண்டு. நீங்கள் பார்த்தது பன்னி சௌ. வெட்டாத முழு பிரெட்டைக் குறுக்கே அறுத்து, உள்ளே இருக்கும் பஞ்சைத் தோண்டிவிட்டு, அந்தக் குழியில் குழம்பை ஊற்றுவார்கள். பனியா என்ற வணிகச் சாதியின் பெயர்தான் பன்னி ஆயிற்று என்பார்கள். நிறவெறிக் காலத்தில் கறுப்பின மக்கள் ஓட்டலுக்குள் உட்கார்ந்து சாப்பிட முடியாததால், கையில் வாங்கிப் போக பிரெட்டே பாத்திரமானது என்பது இங்கே பலரும் சொல்லும் கதை.

என் விஷயத்துக்கு வருகிறேன். 2020 ஏப்ரலில் வேலூரில் அப்பா தவறிப்போனார். இங்கே மார்ச் 27 முதல் ஊரடங்கு, விமானம் கிடையாது. தம்பி போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, அப்பாவைத் தூக்கிக்கொண்டு போவதை இந்தச் சமையலறையில் நின்றுதான் பார்த்தேன். அப்புறம் இரண்டு நாள் எதுவும் இறங்கவில்லை. சோற்றைப் பார்த்தாலே அப்பா பிசைந்து உருட்டிக் கொடுத்தது ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது.

மூன்றாம் நாள் அத்தை, மாமியாரைத்தான் சொல்கிறேன், என்னிடம் எதுவும் கேட்கவில்லை. துக்க வீடு, அதனால் கறி மீன் கிடையாது. சுகர் பீன்ஸை, ராஜ்மா மாதிரியான காய்ந்த பயறு அது, முந்தின இரவே ஊறப்போட்டிருந்தார். பட்டை, சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, தக்காளி கரையும்வரை வதக்கி, மசாலா போட்டு, பீன்ஸையும் உருளைக்கிழங்கையும் குழைய வேகவைத்தார். பிரெட்டைப் பாதியாக அறுத்து, விரலாலேயே பஞ்சை ஒரே கட்டியாகப் பிடுங்கினார். கரண்டியின் முதுகால் குழியின் சுவரைச் சுற்றிலும் அழுத்தினார், குழம்பு ஒழுகாமல் இருக்க. ஊற்றியதும் சிவப்பு எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக ஊறி ஓரம்வரை ஏறியது. பிடுங்கிய பஞ்சில் ஒரு துண்டைக் குழம்பில் தோய்த்து என் வாயருகே நீட்டினார். “சாப்பிடு கண்ணு. அப்பா பாக்குறாங்க.” இரண்டு வாக்கியம் தமிழில் சேர்ந்தாற்போல அவர் பேசி நான் கேட்டதே குறைவு. முழுவதையும் சாப்பிட்டேன். அழுதுகொண்டேதான்.

அத்தை மேகசின் பேரக்ஸில் பிறந்தவர். டர்பன் நகராட்சியில் வேலை பார்த்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்பு அது. 1960களில் நிறவெறிச் சட்டத்தைக் காட்டி அவர்களைக் கிளப்பி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த நாட்களில் அவருடைய அம்மா ஒரு சட்டி பீன்ஸும் இரண்டு பிரெட்டும் வைத்து எட்டுப் பேரைப் பசியாற்றியிருக்கிறார். இதையா மறதி என்கிறீர்கள்?

பன்னியை வீட்டில் யார் செய்கிறார்கள், கடையில்தானே வாங்குவார்கள் என்று டர்பன்காரர்கள் சண்டைக்கு வரலாம். பெரும்பாலும் கடையில்தான், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் செய்கிறோம். மைதா கெடுதல் என்பவர்களுக்கு: தினமும் சாப்பிடுங்கள் என்று நான் சொல்லவில்லை.

மறந்தார்களா என்று பார்க்க ஆடி மாதம் வாருங்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். கேழ்வரகு இல்லை, மக்காச்சோள மாவு. முதல்நாளே கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சுகிறார்கள். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்தவர்களும், அவர்களுக்குப் பின்னால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களும் கூழை விடவில்லை, இந்த மண்ணில் விளைந்த தானியத்துக்கு அதை மாற்றிக்கொண்டார்கள். பானையைத் திறந்தால் என் பாட்டி வீட்டுப் புளிப்பு வாசனை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமைகளில் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஊரிலிருந்து மாநாட்டுக்கு வருகிறவர்கள், “உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லையே” என்று மேடையில் வருத்தப்படுகிறார்கள். பொன்னாடை போர்த்திக்கொண்டு, புத்தகம் அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கடைசியாக ஒருவர் அப்படிச் சொல்லி நான்கு வருடம் ஆகிறது. 22 பிள்ளைகள் இன்னும் ஒரே புத்தகத்தின் ஜெராக்ஸில் படிக்கிறார்கள்.

சரி, டர்பன் வந்தால் முதலில் பீன்ஸ் பன்னி கேளுங்கள், கால் பிரெட் போதும். மேலே வைத்திருக்கும் பஞ்சை முதலில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் சுவரை மேலிருந்து பிய்த்துக்கொண்டே வாருங்கள். ஸ்பூன் கேட்காதீர்கள், கையால்தான் சாப்பிட வேண்டும்.