நாவல் வாசித்தவர்கள் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களை ஏன் இன்னமும் குறை சொல்கிறார்கள்?

மூன்று படங்களையும் பலமுறை பார்த்திருப்பதாகவும், நாவலை வாசித்த நண்பர்கள் ஒவ்வொரு முறையும் குறை சொல்லி உங்கள் மகிழ்ச்சியைக் கெடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் படம் 11 ஆஸ்கர் விருதுகளை அள்ளிய பிறகும் குறை சொல்வது கர்வம் அல்லாமல் வேறென்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இளைஞர் என்றும், படத்தின் வழியாகவே இந்த உலகத்துக்குள் வந்தவர் என்றும் எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். குறை சொல்பவர்களில் நானும் ஒருத்தி. அதற்குக் காரணம் கர்வம் இல்லை என்பதை ஒரே ஒரு கதாபாத்திரத்தை வைத்தே சொல்லிவிட முடியும் என்று நம்புகிறேன்.

அதற்கு முன், சினிமா வேறு எழுத்து வேறு என்பதுகூடத் தெரியாதவள் என்று யாரும் என்னைப் பற்றி முடிவுகட்டிவிட வேண்டாம். பீட்டர் ஜாக்சன் நியூசிலாந்தில் எடுத்த அந்தப் படங்களை நான் உண்மையாகவே மதிக்கிறேன். நாவலை எழுதிய டோல்கீனின் உலகத்தை ஓவியங்களாக வரைந்துவந்த ஆலன் லீ, ஜான் ஹோவ் இருவரையும் அழைத்து ஊர்களையும் கோட்டைகளையும் வடிவமைக்கச் செய்தது அவருடைய அக்கறைக்குச் சான்று. யாரையும் கெடுத்துவிடும் ஒரு மோதிரத்தை அழிக்கப் புறப்படும் குழுவில் இருந்து, அதன் மேலேயே ஆசைப்பட்டு விழும் வீரன் போரமிரின் மரணம் நாவலைவிடப் படத்தில்தான் என்னை அதிகம் கலங்கடித்தது. நாவலில் அவன் தோழன் அரகோர்ன் ஓடிவந்து சேரும்போது போரமிர் உடலெங்கும் அம்புகள் தைத்து மரத்தில் சாய்ந்து கிடக்கிறான். அவன் போட்ட சண்டையை நாம் பார்ப்பதே இல்லை. படம் அந்தச் சண்டையை நம் கண்ணெதிரே நடத்தி, அதையே முதல் பாகத்தின் உச்சமாக வைத்தது. டோல்கீனின் மகன் கிறிஸ்டோஃபர் 2012இல் பிரான்சின் ‘ல மோந்த்’ நாளிதழுக்கு அளித்த பேட்டியில், 15 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கான சண்டைப் படமாக நாவலைச் சிதைத்துவிட்டார்கள் என்று மனம் கசந்து பேசினார். நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன்.

பகுதிகளை வெட்டியதற்காகவும் நான் வழக்காடுவதில்லை. 1954, 1955 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்து ஆயிரம் பக்கங்களைத் தொடும் நாவலில் டாம் பாம்படில் என்னும் விசித்திரப் பாத்திரம் வரும் அத்தியாயங்கள் போனது எனக்கு இழப்பாகவே தோன்றவில்லை. மோதிரம் அழிந்தபின் ஊர் திரும்பும் ஹாபிட்டுகள் என்னும் குள்ள மனிதர்கள், தங்கள் நாடான ஷையரே அடியாட்களின் பிடியில் இருப்பதைக் கண்டு போராடி மீட்கும் பகுதி போனது பெரிய இழப்புதான். அந்தச் சண்டையில் 19 ஹாபிட்டுகள் உயிர்விடுகிறார்கள். ஆனாலும் சொல்லாமல் விட்டது புத்தகத்தில் அப்படியே இருக்கிறது, யாரும் எப்போது வேண்டுமானாலும் எடுத்து வாசிக்கலாம். மாற்றிச் சொன்னது அப்படியல்ல. அது மனத்தில் முந்திப்போய் உட்கார்ந்துகொள்கிறது. பிறகு மூலத்தை வாசித்தாலும் அந்த இடத்தை எளிதில் காலி செய்வதில்லை.

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் ஒவ்வொரு மாதமும் ஒருவர் ஒரு நூலைப் பற்றிப் பேசுவது வழக்கம். என் முறை வந்தபோது இந்த நாவலை எடுத்துக்கொண்டேன். முழுவதையும் பேச நேரம் போதாது என்பதால் ஃபாரமிரைப் பற்றி மட்டும் பேசத் தயார் செய்தேன். அவன் போரமிரின் தம்பி, கோண்டோர் நாட்டின் தளபதிகளில் ஒருவன். மோதிரத்தை அழிக்கச் சுமந்துசெல்லும் ஹாபிட் ஃப்ரோடோவும் அவன் துணைவன் சாமும் இதிலியன் காட்டில் அவனிடம் அகப்படுகிறார்கள். ஃப்ரோடோ எதையோ மறைக்கிறான் என்பது விசாரணையின்போதே ஃபாரமிருக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் தன் வீரர்கள் முன்னிலையில் அதைத் தோண்டித்துருவாமல் பேச்சை நிறுத்திக்கொள்கிறான். பிறகு தனியே நடக்கும்போது, அந்தப் பொருள் என்னவென்றே தெரியாத நிலையில், அது பெருவழியில் கிடந்தாலும் எடுக்கமாட்டேன் என்றும், தன் நகரமே வீழ்ந்துகொண்டிருந்தாலும் அந்த ஆயுதத்தைக் கொண்டு அதைக் காக்கமாட்டேன் என்றும் சொல்கிறான். அன்று இரவு, அருவிக்குப் பின்னால் இருக்கும் குகையில் சாம் வாய்தவறி மோதிரத்தைப் பற்றி உளறிவிடுகிறான். ஃபாரமிர் நிமிர்ந்து எழுகிறான். ஹாபிட்டுகள் இருவரும் துள்ளியெழுந்து, சுவரோடு முதுகை ஒட்டி நின்று வாளின் பிடியைத் தடவுகிறார்கள். குகையில் இருந்த வீரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்கள். அடுத்த கணம் ஃபாரமிர் மெல்லச் சிரிக்கத் தொடங்கி, மீண்டும் தன் இருக்கையில் உட்கார்ந்துவிடுகிறான். என்னவென்று தெரியாமல் சொன்ன சொல்லாக இருந்தாலும் அதற்குக் கட்டுப்பட்டவன் என்கிறான். நாவல் முழுவதிலும் நான் அடிக்கடி திரும்பிச் சென்று வாசிக்கும் பக்கம் இதுதான்.

2002இல் வந்த இரண்டாம் படத்தில் இந்த ஃபாரமிர் இல்லை. அங்கே, மோதிரத்துக்காக ஏங்கியபடியே ஹாபிட்டுகளுக்கு வழிகாட்டி வரும் கோல்லமை அவனுடைய ஆட்கள் பிடித்து அடிக்கிறார்கள். மோதிரம் இருப்பது தெரிந்ததும் தன் தரத்தைக் காட்டுவதற்கு வாய்ப்பு வந்துவிட்டதாகக் கருதி, ஹாபிட்டுகளை ஆஸ்கிலியாத் வரை இழுத்துச்செல்கிறான். நாவலில் ஃப்ரோடோ அந்த நகரத்தில் கால் வைப்பதே இல்லை. கடைசியில் படத்தின் ஃபாரமிரும் அவர்களை விட்டுவிடுகிறான் என்பது உண்மைதான். ஆனால் தவறை எண்ணி அதிலிருந்து மீள்பவன் ஒருவன், ஆசை தலைதூக்குவதற்கு முன்பே தன்னைக் கட்டிவைத்திருப்பவன் வேறொருவன்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வட்டத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் குறுக்கிட்டார். படத்தின் குறுந்தகட்டில் திரைக்கதையாளர்கள் சொன்ன விளக்கத்தை அவர் கேட்டிருந்தார். “யாரையும் கெடுத்துவிடும் மோதிரம் என்று முதல் படத்திலிருந்தே சொல்லிவிட்டு, ஒருவன் வந்து எனக்கு வேண்டாம் என்று சுலபமாகச் சொன்னால் அப்புறம் பார்ப்பவனுக்கு ஏனம்மா பயம் இருக்கும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இன்னொரு காரணமும் உண்டு, அதையும் நானே எடுத்துச் சொன்னேன். டோல்கீன் பின்னிணைப்பில் தரும் காலவரிசைப்படி ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போர் மார்ச் 3 அன்று தொடங்குகிறது. ஷெலோப் என்னும் ராட்சதச் சிலந்தியின் குகைக்குள் ஃப்ரோடோ நுழைவது மார்ச் 12 அன்று. கோட்டைப் போரை இரண்டாம் படத்தின் உச்சமாக வைத்தவர்கள், நாள்கணக்கைப் பார்த்துச் சிலந்தியை மூன்றாம் படத்துக்குத் தள்ளினார்கள். அதனால் இரண்டாம் படத்தின் முடிவில் ஃப்ரோடோவுக்கு ஒரு நெருக்கடி தேவைப்பட்டது, அதை ஃபாரமிரின் தலையில் கட்டினார்கள்.

என்னுடைய மறுப்பு இதுதான்: “ஐயா, முதல் படத்திலேயே மந்திரவாதி காண்டால்ஃப் மோதிரத்தை வாங்க மறுக்கிறார், கலாட்ரியலும் மறுக்கிறாள். முடிவில் ஃப்ரோடோ மோதிரத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டும்போது, அரகோர்ன் மண்டியிட்டு அவன் விரல்களை மூடிவிடுகிறான். அது நாவலில் இல்லாத காட்சி, படத்துக்காகவே எழுதியது. அரகோர்ன் மறுத்ததால் மோதிரத்தின் மேல் நமக்கு இருந்த பயம் குறைந்ததா? அவன் மறுக்கலாம் என்றால் ஃபாரமிர் ஏன் மறுக்கக்கூடாது?” இதற்குப் பதில் வருவதற்குள் ஒருங்கிணைப்பாளர் எழுந்து, படம் கோடிக்கணக்கானவர்களிடம் கதையைக் கொண்டுசேர்த்திருக்கிறது, நாம் வாசித்துவிட்டோம் என்பதற்காகக் கர்வப்படக்கூடாது மேடம் என்று சொல்லி என் பேச்சை முடித்துவைத்தார். மீதி நேரம் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவதிலும் புகைப்படம் எடுத்துக்கொள்வதிலும் போயிற்று. வாசகர் வட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டு, பக்க எண்ணோடு பேசுகிற ஒருவருக்கு இன்னும் ஐந்து நிமிடம் தர மனமில்லாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. உங்கள் கேள்வியிலும் அதே குற்றச்சாட்டைப் பார்த்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மாற்றியதால் என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். படங்களை மட்டும் பார்த்திருந்த என் அக்கா மகன், எங்கள் வீட்டில் இரண்டாம் படம் ஓடிக்கொண்டிருந்தபோது, “இவரும் அவங்க அண்ணன் மாதிரிதான் சித்தி, கொஞ்சம் லேட்டா திருந்துறார்” என்றான். அவன் மேல் பிழையில்லை, படம் காட்டியதை அவன் சரியாகவே புரிந்துகொண்டான். ஒரே வீட்டில் ஒரே தந்தையிடம் வளர்ந்த இருவரில் ஒருவன் விழுகிறான், மற்றவன் விழவில்லை என்பதற்காகவே டோல்கீன் அந்த அண்ணன் தம்பியைப் படைத்திருக்கிறார் என்று நான் நினைக்கிறேன். தம்பியும் ஏறக்குறைய விழுந்துவிட்டால் அண்ணனின் வீழ்ச்சிக்கும் பொருள் குறைந்துபோகிறது.

டோல்கீனுக்கும் இவன் நெருக்கமானவன். 1944 மே மாதம், தென்னாப்பிரிக்காவில் விமானப்படைப் பயிற்சியில் இருந்த கிறிஸ்டோஃபருக்கு எழுதிய கடிதத்தில், இவனைத் தான் உருவாக்கவில்லை, விரும்பி அழைக்கவும் இல்லை, இதிலியன் காட்டுக்குள் தானாகவே நடந்து வந்துவிட்டான் என்று எழுதுகிறார். தன் பாத்திரங்களில் தன்னைப் போன்றவர் யாரேனும் உண்டென்றால் அது ஃபாரமிர்தான் என்று பின்னாளில் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார். பேரலை எழுந்து நிலத்தை மூடுவதாகத் தனக்கு அடிக்கடி வந்த கனவையும் அவனுக்கே கொடுத்தார். முதல் உலகப் போரில், 1916இல் சோம் போர்முனையில் இருந்தவர் அவர். வாளை அதன் கூர்மைக்காக நேசிக்கவில்லை, அது எதைக் காக்கிறதோ அதையே நேசிக்கிறேன் என்று ஒரு படைத்தலைவனைச் சொல்லவைக்கும்போது, போரைக் கண்டவரின் சொல்லாகவே அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

படத்தின் நீட்டிக்கப்பட்ட பதிப்பில் அவர்களின் தந்தை டெனதோர் மூத்த மகனைக் கொண்டாடி இளையவனை அவமதிக்கும் காட்சி இருக்கிறது என்றும், அதைப் பார்த்தால் படத்தின் ஃபாரமிர் புரிவான் என்றும் சிலர் சொல்வார்கள். பார்த்திருக்கிறேன், நல்ல காட்சி, ஃபாரமிராக நடித்த டேவிட் வென்ஹாமின் முகத்தில் அந்த வலி நன்றாகத் தெரிகிறது. அது அவன் செயலுக்குக் காரணம் தருகிறது. ஆனால் நாவலின் ஃபாரமிருக்கும் அதே தந்தைதான், அதே அவமதிப்புதான். அதைச் சுமந்துகொண்டே அவன் அந்தக் குகையில் மீண்டும் உட்காருகிறான்.

படங்களைப் பார்ப்பதை நீங்கள் விடவேண்டாம், நானும் விடவில்லை. நாவல் முழுவதையும் வாசிக்கப் பொறுமை இல்லையென்றால், இரண்டாம் தொகுதியின் பிற்பகுதியில் ஃபாரமிர் வரும் மூன்று அத்தியாயங்களை மட்டுமாவது வாசியுங்கள்; கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால் எங்கும் தடுமாறமாட்டீர்கள். வாசித்த பிறகும் படத்தின் ஃபாரமிரே மேலானவன் என்று தோன்றினால், காரணத்தோடு எழுதுங்கள். அந்த விவாதத்துக்கு நான் தயாராகவே இருக்கிறேன்.