முதலில் அந்த ஹெட்போனைக் கழற்றுங்கள்

கேள்வி: ஆறு மாதமாகக் காலையும் மாலையும் முக்கால் மணி நேரம் மொபைல் ஆப் வைத்து மைண்ட்ஃபுல்னஸ் என்ற கவனத் தியானம் பழகுகிறேன். மனம் நன்றாக அடங்குகிறது. ஆனால் மனைவி ஒத்துழைப்பதில்லை. பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பா பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பதால், வெளிச்சத்தம் கேட்காத ஹெட்போன் வாங்கிவிட்டேன். மதம் கலக்காத இந்தப் பயிற்சியே போதுமா, அல்லது பௌத்த முறையில் பத்து நாள் மௌன முகாமுக்குப் போகவா?

பதில்: முகாம் கிடக்கட்டும் தம்பி, ஹெட்போனுக்கு வருவோம். போகிற போக்கில் அதைச் சொல்லிவிட்டு நீங்கள் நகர்ந்துவிட்டீர்கள், என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. நீங்கள் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கும்போது அப்பா கூப்பிட்டால் யார் எழுந்து ஓடுவது? அதை எழுதவில்லை. ஒத்துழைப்பதில்லை என்று குறைப்படுகிறீர்களே, அந்த மனைவியாகத்தான் இருக்கும்.

பௌத்தமா, மதம் கலக்காததா என்ற ஆராய்ச்சி எதற்கு? இரண்டுமே உங்களுக்குச் சாட்சி சொல்ல வராது. 1979-ல் அமெரிக்காவில் ஒரு மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஜின் என்பவர் மதம் கலக்காத இந்தப் பயிற்சியைத் தொடங்கியதே தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காகத்தான். வலி வந்தால் விலகி ஓடாமல் அதையே கவனி என்பதுதான் அங்கே பாடம், பாத்திரம் கழுவும்போதுகூட அந்தக் கவனம் வேண்டும். பௌத்தத்தில் இந்தத் தியானத்தைச் சொல்லும் புத்தரின் உரையான சதிபட்டான சுத்தமோ நடப்பது, படுப்பது, சாப்பிடுவது, மலஜலம் கழிப்பது வரை எதையும் விட்டுவைக்கவில்லை. அப்பாவுக்குப் பெட்பேன் வைப்பது மட்டும் எப்படித் தியானத்துக்கு இடைஞ்சலாகும்?

பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய நூலில் ஒரு சம்பவம் வரும். வயிற்றுப்போக்கு கண்ட பிக்கு ஒருவர் தன் மலத்திலேயே கிடக்கிறார், அவரால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை என்று மற்றவர்கள் யாரும் எட்டிப்பார்க்கவில்லை. புத்தர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லித் தானே ஊற்ற, அவருடைய சீடர் ஆனந்தர் கழுவிவிட, தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். அப்புறம்தான் மற்ற பிக்குகளைக் கூட்டி, உங்களைக் கவனிக்கத் தாயுமில்லை தகப்பனுமில்லை, நீங்களே ஒருவரை ஒருவர் பார்க்காவிட்டால் யார் பார்ப்பது என்று கேட்கிறார். வீட்டை விட்டு வந்த துறவிகளுக்கே இந்த ஏச்சு! நீங்கள் துறவியும் இல்லை, உங்கள் அப்பா பிள்ளை இல்லாதவரும் இல்லை. பெற்றவரைப் பார்ப்பது பிள்ளையின் வேலை. அதை மருமகள் தலையில் கட்டிவிட்டு அடைகிற நிம்மதிக்கு நான் தியானம் என்று பெயர் வைக்க மாட்டேன்.

உங்களுக்கும் ஓய்வு வேண்டும், மறுக்கவில்லை. அதை மனைவியிடம் வாய்விட்டுக் கேளுங்கள், முறை வைத்துக்கொள்ளுங்கள், கட்டுப்படியானால் உதவிக்கு ஆள் போடுங்கள். முகாமுக்கு முன்னால் ஒன்று செய்யுங்கள்: மனைவியைப் பத்து நாள் அவர் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அப்பாவை நீங்களே பாருங்கள். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், ராத்திரியிலும். பிறகு எனக்கு எழுதுங்கள். அவர் எதற்காக அப்படிக் கூப்பிடுகிறார், தண்ணீருக்கா, வலியிலா, யாராவது வந்து பக்கத்தில் உட்கார மாட்டார்களா என்றா, அதையும் சேர்த்து எழுதுங்கள்.