பேக்கப் பாதியில் நின்று, மடிக்கணினி எழவில்லை: ஃபார்மேட் செய்யலாமா?

கேள்வி: என் மடிக்கணினி ஐந்து ஆண்டு பழையது, விண்டோஸ் 10, உள்ளே 1 டிபி ஹார்ட் டிஸ்க். முழு சிஸ்டத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுத்தபோது பாதிக்கு மேல் நகரவில்லை. விடிந்தும் அப்படியே நின்றதால் பவர் பொத்தானை அழுத்தி அணைத்தேன். இப்போது கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வருகிறது. ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்வது?

பதில்: ஃபார்மேட்டுக்குச் சம்மதிக்காதீர்கள்; அது டிஸ்க்கில் உள்ள படங்களையும் அழித்துவிடும். விண்டோஸைத் தொடங்குவதற்கான டிஸ்க் கிடைக்கவில்லை என்பதுதான் அந்தச் செய்தியின் பொருள். படங்கள் அழிந்துவிட்டன என்று அது சொல்லவில்லை.

முதலில் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் பென் டிரைவையும் கழற்றிவிட்டு இயக்கிப் பாருங்கள். யுஎஸ்பியை முதலில் தேடும்படி அமைத்திருந்தால், கணினி உங்கள் பேக்கப் டிஸ்க்கில் விண்டோஸைத் தேடி, கிடைக்காமல் இதே செய்தியைக் காட்டக்கூடும். விண்டோஸ் வந்துவிட்டால், வேறு எதையும் தொடாமல் படங்களை மட்டும் உடனே நகலெடுங்கள்.

வராவிட்டால், இயக்கியவுடன் எஃப் 2 விசையை (ஹெச்பி என்றால் எஃப் 10) திரும்பத் திரும்ப அழுத்தி, பயாஸ் எனப்படும் கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குச் சென்று, உள் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். எந்த அமைப்பையும் மாற்றாமல் வெளியேறுங்கள். பெயர் தெரிந்தால், நண்பரின் கணினியில் உபுண்டு (விண்டோஸுக்குப் பதிலாக இயங்கும் இலவச இயங்குதளம்) பென் டிரைவ் ஒன்றைத் தயாரித்து, அதிலிருந்து இயக்கி, நிறுவாமல் 'ட்ரை உபுண்டு' என்பதைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் கோப்புறைகளைத் திறந்து வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுக்கலாம்.

பேக்கப்பின்போது இப்படி நேர்வது தற்செயல் அல்ல. அன்றாட வேலையில் டிஸ்க்கின் சிறு பகுதியே படிக்கப்படுகிறது. முழு பேக்கப்போ, ஆண்டுக்கணக்கில் யாரும் திறக்காத படங்கள் கிடக்கும் மூலைகளையும் படித்தாக வேண்டும். அங்கே பழுதான செக்டார்கள் (தரவு எழுதப்படும் சிறு பகுதிகள்) இருந்தால், டிஸ்க் மீண்டும் மீண்டும் முயன்று அங்கேயே நின்றுவிடும். இப்போது மடிக்கணினியின் அடிப்பக்கத்தில் காதை வைத்துக் கேளுங்கள். சீரான மெல்லிய இரைச்சல் என்றால் நல்லது. சில நொடிகளுக்கு ஒருமுறை 'டக், டக்' என்று கேட்டால் உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பை மட்டுமே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள். அந்த நிலையில் செக் டிஸ்க் போன்ற பழுதுநீக்கும் கட்டளைகளை ஓட்டுவது, மிச்சமிருப்பதையும் இழக்க வழிவகுக்கும்.

ஒரு விதிவிலக்கைக் கவனமாகப் படியுங்கள். உபுண்டுவில் டிஸ்க் தெரிந்தும் திறக்க மறுத்து கடவுச்சொல் கேட்டால், அது விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் பூட்டியதாக நினைவே இருக்காது. ஏனெனில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்ததும் பல மடிக்கணினிகளில் இது தானாகவே நடந்துவிடுகிறது. அதைத் திறக்க 48 இலக்க மீட்பு எண் வேண்டும். கைபேசியில் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். வீட்டில் வேறொருவரின் கணக்கில் முதலில் அமைத்திருந்தால் எண் அங்கே இருக்கும். அந்த எண் இல்லாமல் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. முடியும் என்று முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள். இவ்வளவு பெரிய பூட்டைப் போட்டுவிட்டு, சாவி எங்கே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. விண்டோஸ் 10-இல் இருக்கும் முழு சிஸ்டம் பேக்கப் வசதியும் இப்படித்தான்: அதை இனி மேம்படுத்தப்போவதில்லை என்று 2017-இலேயே அறிவித்துவிட்டு, எச்சரிக்கை எதுவும் இல்லாமல் அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

கடைக்காரர் ஃபார்மேட்டைச் சொல்வதற்குக் காரணம், அது அவருக்கு ஒரு மணி நேர வேலை என்பதே. படங்களை மீட்பது அவர் கட்டணத்தில் சேராது. பில்லின் அடியில் 'டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். டிஸ்க் பழுது என்றால் ஃபார்மேட் அதைக் குணமாக்கவும் செய்யாது. விண்டோஸை உங்கள் பழைய டிஸ்க்கில் ஏற்ற விடாதீர்கள். புதிய எஸ்எஸ்டி (சுழலும் பாகங்கள் இல்லாத டிஸ்க்) ஒன்றை வாங்கி அதில் ஏற்றச் சொல்லுங்கள். கணினியைக் கடையில் ஒப்படைக்கும் முன்பே பழைய டிஸ்க்கின் வரிசை எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் அதே டிஸ்க்கைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.