மனநலச் சிகிச்சை: முதலில் யாரிடம் போவது, செலவை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. நான்கு மாதமாக வேலைக்குப் போகவில்லை. இரவெல்லாம் விழித்திருக்கிறான். சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. ஒரு தனியார் கவுன்சலரிடம் அழைத்துப்போனோம். மூன்று முறை போனதற்கே கையிருப்பு கரைந்துவிட்டது, நிறுத்திவிட்டோம். மாத்திரை வேண்டுமா, தெரபி வேண்டுமா, யாரிடம் போவது, இன்சூரன்ஸ் வருமா என்று ஒன்றும் புரியவில்லை. இடையில் அப்பாவின் தூக்க மாத்திரையை இரண்டு மூன்று நாள் கொடுத்துப் பார்த்தோம். வழி சொல்லுங்கள்.

பதில்: தூக்க மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன் சகோதரி, அது இன்றைக்கே செய்ய வேண்டிய காரியம். அப்பாவின் மாத்திரையைத் தம்பிக்கு இனிக் கொடுக்க வேண்டாம். ஓர் இரவு தூங்க வைக்கும், தூக்கத்தைக் கெடுக்கிற நோயை அது தொடாது. அந்த வகை மாத்திரைகளில் பல, சில வாரங்களிலேயே உடம்புக்குப் பழகிவிடும், பிறகு விடுவது கஷ்டம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மனம் உடைந்திருப்பவரின் கைக்கெட்டும் இடத்தில் அட்டை அட்டையாக மாத்திரை இருக்கக் கூடாது. பூட்டி வையுங்கள். அப்பாவுக்கு அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள்.

அப்புறம், தம்பியிடம் நேராகக் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதாடா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று வீடுகளில் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இவ்வளவு நாளும் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்கள்தான் அதிகம். "ஆமாம்" என்று சொன்னால், அதிலும் எப்படி என்றுகூட யோசித்து வைத்திருந்தால், ஒரு நிமிடமும் தனியாக விடாதீர்கள். அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் உள்ள எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் போகலாம், அங்கே மனநலப் பிரிவு இருந்தாக வேண்டும் என்பதில்லை. அன்றைக்குச் செலவுக் கணக்கு பார்க்க வேண்டாம். கீழே நான் எழுதுவதெல்லாம் அந்த அவசரம் இல்லாத நிலைமைக்கு.

நீங்கள் போன கவுன்சலர் நல்லவராகவே இருக்கலாம். வரிசைதான் மாறிப்போயிருக்கிறது. நான்கு மாதமாக வேலையும் தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போன ஒருவரை முதலில் பார்க்க வேண்டியவர் மருத்துவர். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும் இதே சோர்வு வரும். ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளாலும் மதுவாலும் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுகிற விஷயத்துக்கு மாதக்கணக்கில் தெரபிக் கட்டணம் கட்டுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது. இந்த வயதில் ஒருவர் பேச்சைக் குறைத்து அறைக்குள் ஒடுங்கினால் அது மனச்சோர்வாக இருக்கலாம், இருதுருவ மனநிலைக் கோளாறின் (மனம் ஒரு சமயம் மிகவும் பொங்கியும் ஒரு சமயம் மிகவும் தாழ்ந்தும் போகிற நோய்) தாழ்ந்த கட்டமாக இருக்கலாம், மனச்சிதைவின் (இல்லாத குரல் கேட்பது, இல்லாததை நம்புவது போன்ற நோய்) ஆரம்பமாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. இருதுருவக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் சில சமயம் நிலைமை தலைகீழாகத் திரும்பி, கட்டுக்கடங்காத வேகம் பிடித்துவிடும். இதைப் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் முதல் பணத்தைச் செலவு செய்ய வேண்டும்.

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். போன்ற மருத்துவப் படிப்பை முடித்து, அதற்கு மேல் மனநோய்களைப் படித்தவர். மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் சோதனைகளும் தெரபியும் செய்வார், பெரும்பாலான நாடுகளில் மருந்து எழுத மாட்டார். கவுன்சலர் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் பல வருடப் படிப்பும் இருக்கலாம், சில வாரப் பயிற்சியும் இருக்கலாம். அதனால் என்ன படித்தீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்லவர்கள் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள்.

மனநல மருத்துவர் கிடைக்கவில்லை அல்லது காத்திருப்பு நீளம் என்றால், வழக்கமாகப் பார்க்கும் குடும்ப மருத்துவரிடமே போங்கள். சாதாரண மனச்சோர்வை அவரே தொடங்கிப் பார்க்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் தொடங்கிய மனநல இடைவெளித் திட்டத்தின் அடிப்படையே அதுதான்: சிறப்பு மருத்துவர் அல்லாதவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்பச் சிகிச்சையைப் பக்கத்திலேயே கிடைக்கச் செய்வது. குறைந்த செலவில் மனநல மருத்துவரையே பார்க்க வேண்டுமென்றால் மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவை முதலில் விசாரியுங்கள். கூட்டம் இருக்கும். முதலில் பார்ப்பவர் பயிற்சி மருத்துவராக இருப்பார். அதைக் கண்டு தயங்க வேண்டாம். அவர் நிதானமாக முழுக் கதையையும் கேட்டு எழுதுவார், பிறகு மூத்தவர் வந்து பார்ப்பார். ஒரே நோயாளியை இரண்டு பேர் யோசிக்கிறார்கள் என்பது லாபம்தான்.

போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கடைசியாக எப்போது சாதாரணமாக இருந்தான்? எத்தனை மணிக்குப் படுக்கிறான், எத்தனை மணிக்கு உண்மையில் தூங்குகிறான்? பேன்ட் தளர்ந்திருக்கிறதா? குளிப்பது, நண்பர்களின் போனை எடுப்பது எல்லாம் எப்போது நின்றது? இதற்கு நேர்மாறாக, தூக்கமே இல்லாமல் உற்சாகம் பொங்கி, பணத்தை வாரி இறைத்துக்கொண்டு திரிந்த நாட்கள் எப்போதாவது இருந்தனவா? தனக்குள் பேசுவது, யாரோ கண்காணிக்கிறார்கள் என்று சொல்வது உண்டா? குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, யாராவது தற்கொலை செய்துகொண்டார்களா? அப்பாவின் தூக்க மாத்திரை கொடுத்ததையும் மறைக்காமல் பெயரோடு எழுதுங்கள். இந்த ஒரு தாள் இருந்தால் முதல் சந்திப்பிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒன்பது கேள்விகள் கொண்ட மனச்சோர்வுப் படிவம் ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது, பி.எச்.க்யூ-9 என்பார்கள். காசு கிடையாது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும், மொத்தம் 27 மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று பொருள். நோய் இன்னதென்று அது சொல்லாது. ஆனால் மாதம் ஒருமுறை எழுதி வைத்தால், கொடுக்கிற பணத்துக்குப் பலன் தெரிகிறதா என்று உங்களுக்கே புரியும். ஒன்பதாவது கேள்வி உயிரை விடும் எண்ணத்தைப் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர வேறு எது வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துச் சமாதானம் ஆகிவிடாதீர்கள்.

இனி பணம். ஒரு தடவைக்கு எவ்வளவு என்று பார்க்காமல் ஒரு வருடத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஆறு முதல் எட்டு வாரம் போனால்தான் பலன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும். குமட்டல், தலைவலி, படபடப்பு போன்ற பக்கவிளைவுகள் முதலில் வரும், குணம் பிறகுதான் வரும். அந்த முதல் வாரங்களில் இளைஞர்களை வீட்டில் கூடுதலாகக் கவனிக்கவும் வேண்டும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம், பல சமயம் 9 முதல் 12 மாதம் வரை, தொடர வேண்டியிருக்கும். முதல் மாதத்தில் கடன் வாங்கிப் பெரிய இடத்துக்குப் போய், மூன்றாவது மாதம் எல்லாவற்றையும் நிறுத்துவதைவிட, வருடம் முழுக்கத் தாக்குப்பிடிக்கிற சாதாரண இடம் ஆயிரம் மடங்கு மேல். நடுவில் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு எல்லாம் வரும், நோயும் திரும்பலாம்.

ஒரு தாய் மகளின் மாத்திரைகளை என் மேசையில் பிரித்து வைத்தது நினைவிருக்கிறது. எல்லாம் கத்தியால் இரண்டாக வெட்டப்பட்டு, காலண்டர் தாளில் பாதி பாதியாகப் பொதிந்திருந்தன. "இப்படிக் கொடுத்தா ரெண்டு மாசத்துக்கு வருது டாக்டர்" என்றார். மகள் தேறாததற்கு எத்தனையோ காரணம் யோசித்துக்கொண்டிருந்தோம். காரணம் அந்தத் தாளுக்குள் இருந்தது. அதே மருந்தை ஜெனரிக் பெயரில், அதாவது கம்பெனி பெயர் இல்லாமல் மருந்தின் மூலப் பெயரில், எழுதிக் கொடுத்ததும் முழு டோஸும் அவருக்குக் கட்டுப்படியானது.

இதனால்தான் சொல்கிறேன், பண நெருக்கடியை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். உங்கள் ரத்த அழுத்தத்தைப் போல அதுவும் அவருக்குத் தெரிய வேண்டிய விவரம். முதல் நாளே கேளுங்கள்: "டாக்டர், மாசம் இவ்வளவுதான் எங்களால் முடியும். இதுக்குள்ள என்ன செய்யலாம்?" மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூஆக்செடின், செர்ட்ராலின், இருதுருவக் கோளாறுக்குக் கொடுக்கும் லித்தியம் போன்றவை காப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாத பழைய மருந்துகள். லித்தியத்தை ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் மனநோய்க்குப் பயன்படுத்தி எழுதியது 1949-இல், இன்றும் இருதுருவக் கோளாறுக்கு அதற்கு ஈடு சொல்வது கடினம். ஃப்ளூஆக்செடினும் லித்தியமும் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. புதியது, விலை கூடியது என்பதால் மட்டும் நல்லதாகிவிடாது. ஆனால் லித்தியம் போன்றவற்றுக்கு ரத்தப் பரிசோதனை தொடர்ந்து வேண்டும், மருந்து மலிவு என்று பரிசோதனைச் செலவைக் கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

பலர் கணக்கில் விடுவது பயணச் செலவையும், கூட வருபவர் இழக்கிற ஒரு நாள் சம்பளத்தையும்தான். சில வீடுகளில் மருத்துவர் ஃபீஸைவிட அது அதிகம். நிலைமை சீரானதும் சந்திப்புகளைத் தள்ளி வைக்க முடியுமா, இரண்டு மூன்று மாதத்துக்கு மருந்து எழுத முடியுமா, இடையில் வீடியோவில் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

தெரபி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. மிதமான மனச்சோர்வுக்குச் சில சமயம் தெரபி மட்டுமே போதும், கடுமையாக இருந்தால் மருந்தும் தெரபியும் சேர்ந்து நன்றாக வேலை செய்யும். ஆனால் கட்டணம் கூடினால் குணமும் கூடும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 440 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. அனுபவமுள்ள தெரபிஸ்டுகள் கொடுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் (தவறான எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் தெரபி), இளநிலை மனநலப் பணியாளர்கள் கொடுத்த எளிய செயலூக்கச் சிகிச்சையையும் (விட்டுப்போன அன்றாடக் காரியங்களை மெல்ல மெல்லத் திரும்பச் செய்ய வைப்பது) ஒப்பிட்டார்கள். இரண்டாவது எந்த விதத்திலும் குறைந்துபோகவில்லை, செலவு மட்டும் குறைவு. ஜிம்பாப்வேயில் பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் மருத்துவ நிலையத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கொடுத்த ஆறு சந்திப்பு ஆலோசனையும் பலன் தந்ததாக அதே வருடம் ஆய்வு வந்தது. ஆகவே பல்கலைக்கழக உளவியல் துறைகளின் பயிற்சி மையங்கள், குழுத் தெரபி, தொண்டு நிறுவன மையங்கள் எல்லாம் கைவிடப்பட்டவர்களுக்கான இடங்கள் அல்ல. தனியார் தெரபிஸ்டிடமும் வருமானத்துக்கு ஏற்பக் கட்டணத்தைக் குறைப்பீர்களா என்று கேட்கலாம், பலர் அதற்கென்றே சில இடங்களை ஒதுக்கி வைத்திருப்பார்கள். எத்தனை சந்திப்பு, எதை நோக்கிப் போகிறோம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பொதுவாக 12 முதல் 20 சந்திப்புகளுக்குள் முடியும். வீட்டுப்பாடம் எதுவும் இல்லாமல், போய்ப் பேசிவிட்டு வருவதே பல மாதமாக நடந்தால், அதைப் பற்றித் தெரபிஸ்டிடமே கேளுங்கள்.

இன்சூரன்ஸுக்கு வருகிறேன். மனநோயை மற்ற நோய்களைப் போலவே நடத்த வேண்டும் என்று அமெரிக்காவில் 2008-இலும் இந்தியாவில் 2017-இலும் சட்டம் வந்தது. ஆனால் நடைமுறையில் விஷயம் பாலிசியின் வாசகத்தில் இருக்கிறது. படுக்கையில் சேர்ந்தால் மட்டும்தானா, புறநோயாளிச் சந்திப்புக்கும் உண்டா? காத்திருப்புக் காலம் எவ்வளவு? தெரபி சந்திப்புக்கு உச்சவரம்பு உண்டா? முன் அனுமதி வேண்டுமா? போனில் கேட்டு வாய்மொழிப் பதிலை நம்பாதீர்கள், மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரசீதிலும் மருத்துவரின் பதிவு எண்ணும் நோயின் பெயரும் இருக்கட்டும். க்ளெய்ம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் வாங்கி மேல்முறையீடு செய்யுங்கள். முதல் மறுப்போடு விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். தம்பி வேலையிலிருந்து இன்னும் முறைப்படி விலகவில்லை என்றால், ராஜினாமா கொடுக்கும் முன் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டையும் ஊழியர் ஆலோசனைத் திட்டத்தையும் விசாரித்துவிடுங்கள். சில சந்திப்புகள் இலவசமாகக் கிடைக்கும், அங்கே பேசுவது பொதுவாக மேலதிகாரிக்குப் போகாது. சம்பளமில்லா மருத்துவ விடுப்பாவது கேளுங்கள், வேலை போனால் காப்பீடும் சேர்ந்து போய்விடும்.

மொத்தமாகப் பணம் கட்டினால் இத்தனை நாளில் முழுக் குணம் என்று சொல்கிற தங்கும் மையங்கள் பக்கம் போகாதீர்கள். குடும்பத்தாரைப் பார்க்க விடாத இடம், மனநல மருத்துவர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாத இடம், மருந்தின் பெயரைச் சொல்ல மறுக்கிற இடம் எதுவும் வேண்டாம்.

தம்பி வர மறுத்தால் "உனக்கு மனசு சரியில்லை" என்று வாதாட வேண்டாம். "தூக்கம் சரியாக ஒருத்தரைப் பார்க்கலாம்" என்று கூப்பிடுங்கள், அது பொய்யும் இல்லை. அப்போதும் வரவில்லையென்றால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நீங்கள் மட்டும் போங்கள். தம்பியின் அனுமதியில்லாமல் மருத்துவர் உங்களிடம் அவனைப் பற்றிப் பேச முடியாமல் போகலாம், ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்பதற்குத் தடை இல்லை. பழைய கவுன்சலரிடம் ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே கொடுத்த பணத்துக்கு அது உங்களுக்கு உரியது, புதிய மருத்துவருக்கும் உதவும்.