பின்பாதியைப் பார்த்து வாங்குங்க: பழைய ஸ்டேஷன் வேகன் கேள்வி பதில்

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். கேரளா, தமிழ்நாடு எல்லைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இருந்து வந்த கேள்விகளைச் சேர்த்து எடுத்துக்கிட்டேன். ஒரே மாதிரி இருந்ததை ஒண்ணாக்கிட்டேன். செடான்னா டிக்கி பின்னாடி தனியா நீட்டிக்கிட்டு இருக்கற கார். அதோட கூரையைக் கடைசி வரைக்கும் இழுத்து, சாமான் இடத்தையும் உள்ளேயே சேர்த்தா ஸ்டேஷன் வேகன்; எஸ்டேட்னு சொல்றதும் அதைத்தான்.

வேலந்தாவளம், தென்னந்தோப்புக்காரர்: அண்ணா, கையில ஒன்றரை லட்சம் இருக்கு. தேங்காயும் ஏத்தணும், குடும்பத்தோட பழனிக்கும் போகணும். எந்த வேகன் எடுக்கறது?

டாடா இண்டிகோ மரீனா, டீசல். வேற யோசனையே வேண்டாங்க. 2004-ல வந்த வண்டி, டாடா இண்டிகா காரோட வம்சம். பம்பு, கிளட்சு, பிரேக்கு, சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் பொள்ளாச்சியில எந்தக் கடையிலயும் கிடைக்கும். சின்னப் பையனும் பிரிச்சுப் பூட்டுவான்.

ஒன்றரையில வண்டிக்கு ஒண்ணுக்கு மேல கொடுக்காதீங்க. மிச்சம் டயர், டைமிங் பெல்ட், ரேடியேட்டர், ஹோஸ் வகையறாவுக்குப் போயிடும். பெல்ட்டை எப்ப மாத்தினீங்கன்னு கேட்டு, பில் இல்லைன்னா மாத்தலைன்னே வச்சுக்குங்க.

இன்னொரு லாபம் இன்ஷூரன்ஸ்ல. மரீனா 1405 சிசி. 1000-லிருந்து 1500 சிசி வரைக்கும் தேர்ட் பார்ட்டி, அதாவது நம்ம வண்டியால மத்தவங்களுக்கு ஆகற சேதத்துக்கான இன்ஷூரன்ஸ், பிரீமியம் 3,416 ரூபாய்னு 2022-ல வச்சாங்க. 1500-ஐத் தாண்டினா 7,897. ஜிஎஸ்டி தனி. பழைய வண்டிக்குப் பெரும்பாலும் தேர்ட் பார்ட்டிதான் போடப் போறோம், அதனால இந்த வித்தியாசம் வருஷா வருஷம் கையைக் கடிக்கும்.

ஏத்தறது உங்க தோட்டத்துக் காயா இருக்கட்டும். வாடகைக்கு ஏத்தினா வெள்ளை போர்டு, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிஞ்ச வண்டியில வம்பு.

சித்தூர், கல்லூரி மாணவர்: மாருதி பலேனோ அல்டுரா, ஓப்பல் கோர்சா ஸ்விங் ரெண்டும் விலைக்கு வந்திருக்கு. ரெண்டும் ஸ்டார்ட் ஆகுது, இன்ஜின் சத்தமும் நல்லா இருக்கு. எதை எடுக்க?

தம்பி, இன்ஜின் சத்தத்தைக் கேட்டு வேகன் வாங்காதே. இன்ஜின் போனா கோயமுத்தூர்ல சிலிண்டரைக் கடைஞ்சு, பிஸ்டன் மாத்தி, ஹெட் வேலை பார்த்துக் கொடுத்துடுவாங்க. வேகனோட கஷ்டம் பின்னாடிதான் இருக்கு.

அல்டுராவோட முன்பாதி பலேனோ செடான். ஸ்விங்கோட முன்பாதி கோர்சா செடான். முன் கண்ணாடி, ஃபெண்டர், ஹெட்லைட் எல்லாம் செடான்லருந்து எடுத்துக்கலாம். டிக்கி டோர், அதோட கண்ணாடி, பின் குவார்ட்டர் கண்ணாடி, டெயில் லைட், டிக்கி ரப்பர், பின்பக்க வைப்பர் மோட்டார், சாமானை மூடற திரை இதெல்லாம் வேகனுக்கு மட்டும்னு செஞ்சது. அந்த ரெண்டு வேகனும் வித்ததே கொஞ்சம். பின்னாடி ஒருத்தன் இடிச்சா, கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய ஸ்பேர் கடையில ஒவ்வொண்ணா ஏறி இறங்கினாலும் கிடைக்கும்னு சொல்ல முடியாது.

அதனால ரெண்டு வண்டியையும் பின்னாடி நின்னு பாரு. கண்ணாடிகள்ல கம்பெனி முத்திரையும் தேதிக் குறியும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுதா? டிக்கி டோர் ரெண்டு பக்கமும் ஒரே இடைவெளியில உட்காருதா? ஸ்டெப்னி கிடக்கற குழியில தண்ணி நின்ன துரு இருக்கா? டிக்கி தூக்கற கேஸ் ஷாக் போயிருந்தா கவலை இல்ல, நீளமும் பலமும் பார்த்து வேற வண்டியோடதை மாட்டிடலாம்.

ரெண்டும் சமம்னா அல்டுரா. ஓப்பல் பேரு நம்ம நாட்டை விட்டுப் போயாச்சு, ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ல இங்க விற்பனையையே நிறுத்திடுச்சு. மாருதிக்கு சென்சார், டிஸ்ட்ரிபியூட்டர்னு ஏதாவது வேணும்னா கேட்டுத் திரிய ஆள் உண்டு. ஆனா ஸ்விங் பின்பாதி முழுசா இருந்து, அல்டுராவுக்கு டிக்கியில பேட்ச் அடிச்சிருந்தா, யோசிக்காம ஸ்விங்கை எடு.

கொல்லங்கோடு, டீச்சர்: சின்ன வயசுல எங்க டாக்டர் டாடா எஸ்டேட் வச்சிருந்தார். அது இப்ப கிளாசிக்தானே? தினமும் ஸ்கூலுக்கு ஓட்டலாமா?

ஆசையைக் கெடுக்கலை டீச்சர். 1992-ல வந்தப்போ அந்த நீளத்தையும் பவர் விண்டோவையும் பார்க்க ஜனம் கூடும். தள்ளி நின்னு பார்த்தா பென்ஸ் எஸ்டேட் சாடை. அடியில ஓடறது டாடாமொபைல் பிக்கப்போட வம்சம், 1948 சிசி டீசல், பின்சக்கர ஓட்டம். அதான் அதோட பலம். இன்ஜின், கியர் பாக்ஸ் வேலைக்குப் பழைய 207 பிக்கப் பார்த்த மேஸ்திரி போதும். உள் அலங்காரமும் கண்ணாடியும்தான் தொல்லை. டாஷ்போர்டு வெடிச்சிருந்தா அப்படியே வச்சுக்க வேண்டியதுதான். அதே வம்சத்து டாடா சியராவோட பக்கத்துல நிறுத்திப் பார்த்து, அதோட எந்தப் பாகம் இதுக்குச் சேரும்னு தெரிஞ்சவங்க யாராவது கூட இருந்தா நல்லது.

கிளாசிக்னு நாம சொல்லிக்கலாம். 2021-ல வந்த மத்திய சட்டப்படி விண்டேஜ்னா 50 வருஷம் ஆகியிருக்கணும், உருவம் மாத்தாம இருக்கணும். உங்க எஸ்டேட்டுக்கு அந்தப் பட்டம் 2042-லதான். அப்படிப் பதிஞ்ச வண்டியைக் கண்காட்சிக்கும் ராலிக்கும் எடுக்கலாமே தவிர, தினமும் ஸ்கூலுக்கு எடுக்க முடியாது. அதனால பட்டம் இல்லாம இருக்கறது உங்களுக்கு நல்லதுதான்.

தினம் ஓட்ட, டர்போ இல்லாத அந்த இன்ஜின் மந்தம். கொல்லங்கோட்டுச் சமவெளிக்குப் போதும். வேற வண்டி ஒண்ணு வீட்டுல இருந்தா வாங்குங்க, இதுவே ஒரே வண்டின்னா வேண்டாம்.

கோவிந்தாபுரம்: கோயமுத்தூர்ல 2006 மரீனா பார்த்திருக்கேன். கேரளாவுக்கு மாத்தணும். பேப்பர் வேலை எப்படி?

இதைத்தான் முதல்ல எல்லாரும் கேட்கணும், கடைசியில கேட்கறாங்க.

சொந்த வண்டிக்கு ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, 15 வருஷம். அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். 15 தாண்டின காருக்கு மத்தியக் கட்டணம் 2022 ஏப்ரல்ல 600-லிருந்து 5,000 ஆச்சு. 20 வருஷம் தாண்டினா 10,000-னு 2025 ஆகஸ்ட்ல ஏத்தினாங்க. நீங்க பார்த்த 2006 மரீனா அந்தக் கோட்டுல நிக்குது, பதிவுத் தேதியைப் பார்த்துட்டு விலை பேசுங்க. பசுமை வரி, ரோடு டாக்ஸ் தனியா வரும்.

விற்கறவரே ஆர்சியைப் புதுப்பிச்சு, லோன் இருந்தா அடைச்சு நீக்கி, அவங்க ஆர்டிஓவுல என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லைங்கற சான்று, வாங்கித் தரட்டும். அதுக்கு ஃபாரம் 28. அப்புறம் 29, 30 ஃபாரத்தோட சித்தூர்ல பேர் மாத்தி KL நம்பர் வாங்கணும். வேற மாநில நம்பரோட 12 மாசத்துக்கு மேல வச்சுக்கக் கூடாதுன்னு சட்டம். எல்லையில குடியிருந்துக்கிட்டு TN நம்பர்லயே பல வருஷம் ஓட்டறவங்களை நானும் பார்க்கறேன். இடிபட்ட அன்னைக்குத்தான் அதோட விலை தெரியும்.

காலாவதியான ஆர்சி, "பேப்பரை நாங்க பார்த்துக்கறோம்"னு சொல்ற புரோக்கர், இந்த ரெண்டும் சேர்ந்து வந்தா வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காதீங்க.

நெம்மாறை: வெள்ளத்துல மூழ்கின வண்டியை எப்படிக் கண்டுபிடிக்கறது?

2015 டிசம்பர் சென்னை, 2018 ஆகஸ்ட் ஆலுவா, சாலக்குடி. ரெண்டு வெள்ளத்துல மூழ்கின வண்டியும் கைமாறி இந்தப் பக்கம் வந்திருக்கு. சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுங்க, கடைசி முழத்துல சேத்துக் கோடு தெரியும். சீட் தண்டவாளத்து போல்ட்டைப் பாருங்க. டாஷ்போர்டுக்கு அடியில கையை விட்டு ஒயரிங் பிளக்கைத் தடவினா பச்சைக் களிம்பு ஒட்டும். வேகனுக்கு ஸ்டெப்னிக் குழியும், பின்சீட்டு மடிக்கற கீலும் முக்கியம். அங்க மண்ணைக் கழுவ யாருக்கும் பொறுமை இருக்காது. புது கார்பெட்டும் வாசனை ஸ்ப்ரேயும் தூக்கலா இருந்தா எனக்கு சந்தேகம் வந்துடும்.

மீனாட்சிபுரம்: அம்பாசடரைப் பின்னாடி நீட்டி வேகன் ஆக்கியிருக்காங்க. பார்க்க அம்சமா இருக்கு.

ஆர்சியில பாடி என்னன்னு போட்டிருக்கு? சலூன்னு, அதாவது செடான்னு இருந்தா தொடவேண்டாம். கம்பெனி கொடுத்த உருவத்துக்கு மாறாக வண்டியை மாத்தக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில தீர்ப்பு சொல்லியிருக்கு, அந்த வழக்கே கேரளாவுலருந்து போனது. ஆர்சி புதுப்பிக்க வண்டியை நிறுத்தின உடனே எம்விஐ, அதாவது வண்டியைச் சோதிக்கற இன்ஸ்பெக்டர், கண்ணுல பட்டுடும்.

பொள்ளாச்சி: ஸ்கோடா ஆக்டேவியா கோம்பி டீசல்?

ஓட்ட அதைவிட நல்ல வேகன் இங்க வந்ததில்லன்னு எனக்கு எண்ணம். 1.9 டிடிஐ டீசல் இன்ஜினோட இழுவை இன்னைக்கும் ஏமாத்தாது. ஆனா வாங்கற விலையைப் பார்த்து மலிவுன்னு நினைக்காதீங்க. வாங்கின பணத்துக்குச் சமமா இன்னொரு பங்கு ரிப்பேருக்குன்னு பேங்க்ல இருந்தா எடுங்க.

வாளையார்: துபாயில மாமா வால்வோ 240 எஸ்டேட் வச்சிருக்கார். கப்பல்ல கொண்டு வரலாமா?

ஆசைப்பட வேண்டிய வண்டிதான். 1974-லிருந்து 1993 வரைக்கும் போட்டாங்க, அந்த இன்ஜின் சாகவே சாகாதுன்னு பேரு. ஆனா பழைய கார் இறக்குமதிக்கு வண்டி தயாரிச்சு மூணு வருஷத்துக்குள்ள இருக்கணும், ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கணும். துபாய் வண்டி ரெண்டுலயும் அடிபட்டுப்போகும். மாமாவை அங்கேயே ஓட்டச் சொல்லுங்க, லீவுல போய் ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வாங்க.

தத்தமங்கலம்: எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வேகனைக் கெடுக்குமா?

பழைய ரப்பர் ஹோஸும் சீலும் 20 சதவீத எத்தனாலுக்குன்னு செஞ்சதில்ல. நாளாவட்டத்துல ஊதும், விரியும். வாங்கின கையோட எத்தனால் தாங்கற ஹோஸ் மாத்திடுங்க. மாசக்கணக்குல நிறுத்தி வைக்கறதா இருந்தா டேங்க்கை அப்படியே விடாதீங்க, எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

கொடுவாயூர்: எட்டுப் பேர் குடும்பம். வேகன்தான் சரியா?

இல்லீங்க. மேல சொன்ன வேகன் எல்லாம் அஞ்சு பேருக்கு. எட்டுப் பேருக்குப் பழைய குவாலிஸ் தேடுங்க, அதுக்கும் இதே மாதிரி ஆர்சியும் துருவும் பார்க்கணும். பார்த்துட்டு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வந்தா லிஃப்ட்ல ஏத்தி அடியைக் காட்டறேன். ஞாயித்துக்கிழமை மட்டும் வேண்டாம், அன்னைக்குக் கடை லீவு.