ஓனரைப் பார்க்காமல் லீஸ் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை கட்டுப்படியாகாமல், ராமமூர்த்தி நகரில் ஒரு வீட்டை 15 லட்சத்துக்கு லீசுக்குப் பார்த்திருக்கிறோம். மொத்தப் பணத்தையும் முன்பே கொடுத்துவிட்டால் மாத வாடகை இல்லை, காலி செய்யும்போது பணம் திரும்பக் கிடைக்கும் என்கிறார்கள். ஓனர் வெளிநாட்டில் இருக்கிறாராம், ஒரு நிறுவனம்தான் பேசுகிறது. 11 மாத ஒப்பந்தம், நோட்டரி கையெழுத்து போதும் என்கிறார்கள். ஊரில் நிலம் விற்ற பணம் இது. கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், சகோதரி. டோக்கன் அட்வான்ஸும் வேண்டாம்.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். அந்த வீட்டுக்கு மாத வாடகை 25,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 3 லட்சம். உங்கள் 15 லட்சத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டால் கிடைப்பது 1,05,000 ரூபாய்தான். அப்புறம் ஏன் ஒருவர் லீசுக்கு விடுகிறார்? உண்மையான ஓனருக்கு மொத்தப் பணம் தேவைப்படும். மாடி கட்டுவார், மகள் கல்யாணம் வைத்திருப்பார், அதிக வட்டிக் கடனை அடைப்பார். நடுவில் நிற்கும் நிறுவனத்துக்கு அப்படி எந்தத் தேவையும் இல்லை.

இந்த மோசடி பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. நிறுவனம் ஓனரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுக்கும். உங்களிடம் அதையே லீஸ் என்று சொல்லி மொத்தமாக வாங்கும். ஓனருக்குச் சில மாதம் வாடகை ஒழுங்காகப் போகும், நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள். அந்த வாடகை உங்கள் பணத்திலிருந்தும், உங்களுக்குப் பின் வந்து ஏமாந்தவர்கள் பணத்திலிருந்தும் போவது. புதிய ஆள் வருவது நின்றதும் வாடகை நிற்கும், அலுவலகம் பூட்டிக் கிடக்கும், ஓனர் உங்கள் வாசலில் வந்து நிற்பார். அவரும் ஏமாந்தவர்தான். அதனால்தான் உங்களையும் ஓனரையும் சந்திக்க விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

வெளிநாட்டில் இருந்தால் என்ன, வீடியோ காலில் பேச முடியாதா? ஓனரின் எண்ணை நிறுவனத்திடம் வாங்காதீர்கள், எதிர் முனையில் அவர்கள் ஆளே பேசலாம். அபார்ட்மென்ட் சங்கத்திலோ பக்கத்து வீட்டிலோ கேட்டு வாங்குங்கள். ‘வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா, லீசுக்கா?’ என்ற ஒரு கேள்வி போதும், பாதி உண்மை வெளியே வந்துவிடும். பவர் பத்திரம் காட்டினால், அது பதிவானதா, லீஸ் பணம் வாங்க அதில் அதிகாரம் இருக்கிறதா, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள்.

கர்நாடக அரசின் காவேரி ஆன்லைன் தளத்தில் வில்லங்கச் சான்று எடுங்கள். அதில் இருக்கும் பெயரும், காத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு), சொத்து வரி ரசீதில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பதிவானது மட்டுமே வில்லங்கச் சான்றில் வரும் என்பதால், மூலப்பத்திரத்தின் அசலையும் கேளுங்கள். ஜெராக்ஸை மட்டும் நீட்டினால் அசல் வங்கியில் அடமானமாக இருக்கலாம். அப்படியிருந்து தவணை தவறினால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி வீட்டைக் கைப்பற்றலாம். வங்கியின் சம்மதம் இல்லாமல் பிறகு போட்ட லீஸ் உங்களைக் காப்பாற்றாது.

எல்லாம் சரியாக இருந்தால், பணத்தை ஓனரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். ரொக்கம் கூடவே கூடாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்வது கட்டாயம், 11 மாதம் என்று எழுதுவது அதைத் தவிர்க்கத்தான். இவ்வளவு பெரிய தொகைக்கு அது போதாது. பணம் திரும்பும் வரை வீடு உங்கள் கையில் இருக்கும் என்று போக்கியப் பத்திரமாகவே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியச் சொல்லுங்கள். முத்திரைச் செலவு ஆகத்தான் செய்யும். ஆனால் வில்லங்கச் சான்றில் உங்கள் பெயர் ஏறும், உங்களை மறைத்து வீட்டை விற்பது கடினம். பதிவு என்றதும் நிறுவனம் தயங்கினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் உறவிலோ தெருவிலோ யாராவது ஏற்கெனவே இப்படிக் கொடுத்திருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்: ஓனர் மிரட்டினார் என்று பயந்து உடனே சாவியைக் கொடுக்க வேண்டாம். சட்டப்படி அல்லாமல் வெளியேற்றினால், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டுக்குள் திரும்பும் வழி 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் (Specific Relief Act) 6ஆம் பிரிவில் இருக்கிறது. பணம் அனுப்பிய சான்று, ஒப்பந்தம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, முடிந்தால் ஓனரையும் அழைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கட்டும்.