போனில் நாவல் படித்தால் கண் கெட்டுவிடுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 46. திருச்சியில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. இதுவரை கண்ணாடி போட்டதில்லை. இரண்டு வருடமாகப் போனில்தான் நாவல் படிக்கிறேன், பெரும்பாலும் பழைய புத்தகங்களின் பிடிஎஃப். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு, ஒருக்களித்துப் படுத்தபடி ஒன்றரை, இரண்டு மணி நேரம் படிப்பேன். ஆறு மாதமாகக் கண் எரிகிறது, தண்ணீர் வடிகிறது, நெற்றியும் பொட்டும் வலிக்கின்றன. போனைக் கிட்டே கொண்டுவந்தால் எழுத்து மங்குகிறது, தள்ளிப் பிடித்தால் பொடியாகிவிடுகிறது. வலது சுண்டுவிரல் மரத்துப்போகிறது. போன மாதம் ஒரு நாள் படித்து முடித்து எழுந்தபோது வலது கண் சில நிமிடம் சுத்தமாகத் தெரியவில்லை, அப்புறம் தானாகச் சரியாகிவிட்டது. வீட்டில் சொல்லவில்லை, சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள். படிப்பதை நிறுத்த வேண்டுமா? நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கினால் போதுமா? என் 9 வயது மகளும் என்னைப் பார்த்துப் போனில் கதை படிக்கிறாள், அவளை விடலாமா?

பதில்: படிப்பதை நிறுத்த வேண்டாம். நீங்கள் எழுதியதில் பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை. ஆனால் ஒரு கண் சில நிமிடம் தெரியாமல் போனதை மட்டும் இப்படிக் கடைசியில் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகக் கூடாது, முதலில் அதைப் பேசிவிடுவோம்.

இதற்கு ஆபத்தில்லாத காரணம் ஒன்று உண்டு. 2016-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இங்கிலாந்து மருத்துவர்கள் இரண்டு பெண்களைப் பற்றி எழுதினார்கள். இருவருக்கும் உங்களுக்கு வந்தது போலவே அவ்வப்போது ஒரு கண் மட்டும் சில நிமிடம் தெரியாமல் போயிற்று. எம்ஆர்ஐ, இதயப் பரிசோதனை எல்லாம் எடுத்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் அவர்கள் எப்போது, எப்படிப் படுத்திருந்தார்கள் என்று நிதானமாகக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. இருட்டறையில் ஒரு பக்கமாகப் படுத்துப் போன் பார்க்கும்போது கீழ்ப்பக்கத்துக் கண் தலையணையில் புதைந்துவிடுகிறது, மேல் கண் மட்டும் திரையின் வெளிச்சத்தைப் பார்க்கிறது. புதைந்த கண் இருட்டுக்குப் பழகிவிடுகிறது, படித்த கண் வெளிச்சத்துக்குப் பழகிவிடுகிறது. போனை வைத்துவிட்டு இருட்டில் எழுந்தால், படித்த கண் இருட்டுக்குத் திரும்பப் பழகும் வரை அந்தச் சில நிமிடம் அது குருடானது போலவே தோன்றும். விழித்திரைக்கு இதனால் சேதம் எதுவும் இல்லை.

நீங்கள் இடப்பக்கம் சாய்ந்துதான் படித்தீர்கள் என்றால் வலது கண் மேலே இருந்திருக்கும், கணக்கு பொருந்துகிறது. ஆனாலும் கடிதத்தை வைத்து நான் அப்படி முடிவு கட்ட மாட்டேன். கழுத்து ரத்தக்குழாயிலிருந்து சின்ன ரத்தக்கட்டி ஒன்று கண்ணின் ரத்தக்குழாய்க்குப் போய் அடைத்தாலும் இதே மாதிரி ஒரு கண் சில நிமிடம் இருண்டு தெளியும், அது பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக இருக்கலாம். உங்கள் வயதில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்க்காமல் "போன்தான் காரணம்" என்று சொல்வது சரியில்லை. அதனால் இந்த வாரமே ஒரு கண் மருத்துவரைப் பாருங்கள், இந்தச் சம்பவத்தை முதல் வரியாகச் சொல்லுங்கள். இனி போன் படிக்காத நேரத்தில் அப்படி வந்தாலோ, மேலிருந்து திரை இறங்குவது போல மறைத்தாலோ, கூடவே கை கால் பலவீனமோ பேச்சுக் குழறலோ இருந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டிலும் சொல்லிவிடுங்கள். போனைப் பிடுங்குவார்கள் என்ற பயத்தில் இதை மறைப்பது உங்களுக்கு நல்லதில்லை.

சரி, இப்போது எழுத்து மங்கும் விஷயத்துக்கு வருவோம். கிட்டே கொண்டுவந்தால் மங்கல், தள்ளிப் பிடித்தால் பொடி என்று எழுதியிருக்கிறீர்கள், வெள்ளெழுத்தை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சின்ன வயதில் இளக்கமாக இருக்கும், பக்கத்தில் இருப்பதைப் பார்க்க அது குவிந்துகொடுக்கும். வயது ஆக ஆக இறுகிக்கொண்டே வந்து, நாற்பதுகளின் தொடக்கத்தில் நமக்குத் தெரியவரும். போன் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் எல்லாருக்கும் வரும். இதுவரை கண்ணாடி போடாதவர்கள்தான் இதை ஒப்புக்கொள்ள அதிக நாள் எடுத்துக்கொள்கிறார்கள், இத்தனை நாள் நன்றாகத் தெரிந்த கண் என்பதால் கோளாறு போனில்தான் இருக்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பதால் கணக்காகவே சொல்கிறேன். பத்து வயதுப் பிள்ளையின் கண்ணிடம் குவிக்கும் சக்தி சுமார் 14 டயாப்டர் (லென்ஸின் சக்தியை அளக்கும் அலகு) கையிருப்பில் இருக்கும். 46 வயதில் மிஞ்சுவது 4 அளவில்தான், அதிலும் பாதியைத்தான் நெடுநேரம் சிரமமில்லாமல் செலவு செய்யலாம். 40 சென்டிமீட்டரில் வைத்துப் படிக்க 2.5 டயாப்டர் வேண்டும், 25 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 4 வேண்டும். அச்சுப் புத்தகத்தை நாம் தானாகவே கொஞ்சம் தள்ளிப் பிடிப்போம், போனை அதைவிடக் கிட்டே கொண்டுவந்துவிடுகிறோம், ஏனென்றால் அதில் எழுத்து சிறியது. ஆக, இருப்பதையெல்லாம் செலவழித்துத்தான் தினமும் இரண்டு மணி நேரம் படித்திருக்கிறீர்கள். நெற்றி வலிக்கு இதுவே போதுமான காரணம்.

எழுத்து ஏன் அவ்வளவு சிறிதாகிறது என்று பாருங்கள். டெமி அளவுப் புத்தகத்தின் பக்கம் 14 சென்டிமீட்டர் அகலம். உங்கள் போன் திரையின் அகலம் ஏறக்குறைய 7. ஸ்கேன் செய்த பிடிஎஃப்-ஐ முழுப் பக்கமாக வைத்துப் படித்தால் எழுத்து சரிபாதியாகிவிடும், 11 பாயின்ட்டில் அச்சானது ஐந்தரையில் நிற்கும். அதுவும் பழைய அச்சு, மை பரவிய எழுத்து. தமிழில் மி, மீ வித்தியாசம் ஒரு சின்ன சுழியில் இருக்கிறது, மெய்யெழுத்தா உயிர்மெய்யா என்பது ஒரு புள்ளியில் இருக்கிறது. அந்தப் புள்ளி மங்கும்போது கண் மட்டும் உழைப்பதில்லை, மூளையும் ஒவ்வொரு சொல்லையும் ஊகித்துக்கொண்டே போகிறது. எனக்கு இதில் ரொம்ப ஆதங்கம் உண்டு, நல்ல நல்ல பழைய புத்தகங்களை இந்த அளவில் படித்துக் கண்ணை வருத்திக்கொண்டு, கடைசியில் படிப்பதையே விட்டுவிடுகிறார்கள்.

முடிந்தவரை எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தானாக மடிந்துகொள்ளும் ஈபப் வடிவத்தைத் தேடுங்கள். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஈபப் கிடைக்கும், 6 அங்குலத் திரைக்கென்றே தயாரித்த பிடிஎஃப்-உம் வைத்திருக்கிறார்கள். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய நூல்கள் ஸ்கேன் படமாக இல்லாமல் தட்டெழுதிய எழுத்தாகவே இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போல ஸ்கேன் மட்டுமே கிடைக்கும் இடங்களில், போனைப் படுக்கைவாட்டில் திருப்பிப் படியுங்கள். திரை சுமார் 15 சென்டிமீட்டர் அகலமாகிவிடும், எழுத்து கிட்டத்தட்ட அச்சில் இருந்த அளவுக்கே வந்துவிடும். பக்கத்தை அடிக்கடி நகர்த்த வேண்டியிருக்கும், பரவாயில்லை. எழுத்தளவை எப்படி முடிவு செய்வது என்றால், போனை முழங்கையிலிருந்து மணிக்கட்டைத் தாண்டிய தூரத்துக்கு, அதாவது 40 சென்டிமீட்டருக்குத் தள்ளி வைத்து, உங்களால் தட்டுத்தடுமாறிப் படிக்க முடிகிற மிகச் சிறிய அளவைக் கண்டுபிடியுங்கள். நீங்கள் படிக்க வேண்டியது அதைப் போல இரண்டு மடங்கு, முடிந்தால் மூன்று மடங்கு.

இதோடு படிப்பதற்கான கண்ணாடியும் வேண்டும். உங்கள் வயதுக்குப் பொதுவாக பிளஸ் 1.25, 1.5 என்ற அளவில் வரும். நடைபாதையில் விற்கும் ரெடிமேட் கண்ணாடியைப் போட்டால் கண் கெட்டுவிடாது, ஆனால் அதில் இரண்டு பக்கமும் ஒரே பவர், விழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல இல்லாதவர்களுக்குப் போடும் சிலிண்டர் பவர் கிடையாது. உங்கள் இரண்டு கண்ணும் ஒன்றுபோல இல்லையென்றால் தலைவலி அப்படியே இருக்கும். அதைவிட முக்கியம், ரெடிமேட் கண்ணாடியோடு திருப்தியாகிவிடுகிறவர்கள் நாற்பதுக்கு மேல் பார்த்தே ஆக வேண்டிய கண் அழுத்தத்தையும் விழித்திரையையும் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் வருடத்துக்கு ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை கட்டாயம், கண்ணாடி பவர் பார்ப்பதையும் சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், ஏற்ற இறக்கத்தில் பவர் மாறும்.

கண் எரிச்சலுக்கும் தண்ணீர் வடிவதற்கும் காரணம் வறட்சி. தண்ணீர் வடிகிற கண் எப்படி வறண்ட கண் ஆகும் என்று கேட்பீர்கள். கண்ணின் மேல் ஈரத்தைப் பிடித்துவைப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம், இமை விளிம்பில் இருக்கும் சுரப்பிகள் அதைத் தருகின்றன, ஒவ்வொரு முறை முழுதாக இமைக்கும்போதும் அது பரவுகிறது. நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறவர்கள் கதையில் ஆழ்ந்துவிட்டால் அதில் பாதிகூட இமைப்பதில்லை, இமைப்பதும் அரைகுறையாக. ஈரம் ஆவியாகி விழி காய்ந்ததும் கண் பதறிப்போய் வெறும் தண்ணீராகக் கொட்டுகிறது, அது நிற்காது, வழிந்துவிடும். இதில் உங்கள் தலைக்கு மேலே மின்விசிறி வேறு சுற்றிக்கொண்டிருக்கும். மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் பெண்களுக்கு வறட்சி கூடுதலாகவே வரும், சளிக்கும் அலர்ஜிக்கும் போடும் சில மாத்திரைகளும் கூட்டும்.

அதனால் காற்று முகத்தில் நேராக அடிக்காத இடத்தில் உட்காருங்கள். அத்தியாயம் முடியும்போதெல்லாம் கண்ணை முழுதாக மூடி, மெதுவாக நாலைந்து முறை இமையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தள்ளி இருப்பதை 20 விநாடி பார்க்கச் சொல்வார்கள், எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை, எழுந்து ஜன்னல் வரை போய்வந்தால் போதும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய இமைமேல் ஐந்து நிமிடம் வைத்தால் அடைத்துக்கொண்ட எண்ணெய் இளகும். கண்ணீருக்குப் பதிலாக ஈரம் தரும் கார்பாக்சிமெத்தில்செல்லுலோஸ் சொட்டு மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மெடிக்கல் கடையில் "கண் சிவந்திருக்கு, ஏதாவது கொடுங்க" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. அப்படிக் கொடுக்கப்படுவதில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு, இரண்டு நாளில் சுகமாக இருக்கும், மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பே போய்விடும், புரையும் வரும். தேன், பன்னீர், விளக்கெண்ணெய் எதுவும் கண்ணுக்குள் வேண்டாம்.

நீல ஒளிக் கண்ணாடிக்குச் செலவு செய்யாதீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-ல் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் கண் களைப்பில் குறுகிய காலத்தில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியும் திரை பார்ப்பதற்காக அதைப் பரிந்துரைப்பதில்லை. போன் வெளிச்சம் விழித்திரையைப் பொசுக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை, வெயிலில் நின்றால் அதைவிடப் பல மடங்கு நீல ஒளி கண்ணுக்குள் போகிறது.

ஆனால் தூக்கம் வேறு கதை. அமெரிக்காவில் 12 பேரை ஐந்து இரவு படுக்கும் முன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் படிக்கவைத்து, இன்னொரு ஐந்து இரவு அச்சுப் புத்தகம் படிக்கவைத்து ஒப்பிட்டார்கள், முடிவு 2014 கடைசியில் வெளியானது. திரையில் படித்தபோது தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் ஹார்மோன் குறைந்தது, தூக்கம் வரப் பத்து நிமிடம்போலத் தாமதமானது, காலையில் மந்தமாகவும் இருந்தார்கள். சிறிய ஆய்வுதான், திரையும் முழு வெளிச்சத்தில் இருந்தது. ஆனாலும் தினமும் காலையில் ஆபீஸ் போக வேண்டிய உங்களுக்கு அது கவனிக்க வேண்டிய விஷயம். விளக்கைப் போட்டுக்கொண்டு படியுங்கள், திரை வெளிச்சம் அறை வெளிச்சத்தோடு ஒத்துப்போகட்டும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து சிலருக்கு இதம், சிலிண்டர் பவர் இருப்பவர்களுக்கு எழுத்து பரவித் தெரியும், இளம் பழுப்புப் பின்னணியையும் பார்த்துவிட்டு எது சுகமோ அதை வைத்துக்கொள்ளுங்கள். படுக்கும் முன் கடைசி அரைமணி நேரம் போன் வேண்டாம்.

சுண்டுவிரல் மரத்துப்போவது முழங்கையால். முழங்கையை மடக்கியே வைத்திருந்தால் அதன் உள்பக்கம் ஓடும் அல்னார் நரம்பு இழுபட்டு நசுங்கும், அந்த நரம்புதான் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்ச்சி தருகிறது. இடப்பக்கம் படுத்து வலது கையில் போனைத் தூக்கிப் பிடித்தால் இரண்டு மணி நேரமும் மடக்கிய கைதான். உட்கார்ந்து, மடியில் தலையணை வைத்து, இரண்டு கையையும் அதன் மேல் சாய்த்து, போனை நெஞ்சுக்கு மேலே வரும்படி பிடியுங்கள், கழுத்துக்கும் நல்லது. ஒலி கூட்டும் குறைக்கும் பட்டன்களால் பக்கம் திருப்பும் வசதி சில வாசிப்புச் செயலிகளில் இருக்கிறது, கட்டைவிரலுக்கு ஓய்வு. மூன்று நான்கு வாரத்தில் மரத்தல் குறையாவிட்டாலோ, பிடி தளர்ந்தாலோ நரம்பைப் பரிசோதிக்க வேண்டும்.

மகள் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். வளரும் கண்ணுக்குக் கிட்டப்பார்வை வரும் அபாயம் உண்டு, அவளுக்கு அச்சுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள், தினமும் இரண்டு மணி நேரமாவது வெளியே வெளிச்சத்தில் விளையாட விடுங்கள். போனில் கதை வேண்டுமென்றால் நீங்கள் படித்துக்காட்டுங்கள், அவள் கேட்கட்டும்.

கண் மருத்துவரிடம் போகும்போது நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைத் திறந்தபடி போனையும் எடுத்துப் போங்கள். வழக்கமாக எந்தத் தூரத்தில், எந்த அளவு எழுத்தில் படிக்கிறீர்கள் என்று பிடித்துக்காட்டுங்கள், அந்தத் தூரத்துக்குப் பவர் போடச் சொல்லிக் கேளுங்கள். கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள், நாலைந்து மணி நேரம் கிட்டே இருப்பது மங்கலாகத் தெரியும், அதனால் அன்று வண்டி ஓட்டாமல் துணைக்கு ஒருவரோடு போங்கள்.